நெல் ஊறவைத்த நீரிலுள்ள பொசுபரசை உமிக்கரியால் பிடித்து வயலுக்குத் திருப்ப முடியுமா?

கேள்வி: முரசுமோட்டைக் கமக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரில் வயல் செய்யும் குடும்பம். மேட்டு நிலத்தில் கொஞ்சம் கச்சானும் உழுந்தும் போடுகிறோம். எங்கள் வயலுக்குச் சற்றுத் தள்ளிப் புழுங்கல் அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. ஆலை ஓடும் நாள்களில் நெல் ஊறவைக்கும் தொட்டிகளிலிருந்து ஏறத்தாழ 10,000 லீற்றர் நீர் வெளியேறுகிறது. மங்கலான மஞ்சள் நிறமும் மேலே நுரையும் புளித்த கஞ்சியின் வாடையுமாக ஓடி, கடைசியில் அது ஒரு சிறு குளத்தில் போய்ச் சேருகிறது. அந்தக் குளத்தில் ஆகாயத்தாமரை மூடி, இப்போது தண்ணீரே கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதே ஆலையின் பின்புறத்தில் உலையிலிருந்து அள்ளிக் கொட்டிய உமிக்கரி மலைபோலக் குவிந்திருக்கிறது. கையால் கிளறினால் மேற்பகுதி கறுப்பாகவும் உட்பகுதி சாம்பல் வெள்ளையாகவும் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஆலை உரிமையாளர் சொல்கிறார். கழிவுநீரிலுள்ள பொசுபரசை உயிர்க்கரி (தாவரக் கழிவைக் காற்றுக் குறைவாகச் சுட்டு எடுக்கும் கரி) உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்றும், அந்தக் கரியைப் பிறகு பசளையாக இடலாம் என்றும் வாசித்தேன். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஒரு மூட்டை ரி.எஸ்.பி. என்னும் பொசுபரசுப் பசளைக்காக நாங்கள் அலைந்த அலைச்சலை இங்குள்ள பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே கேட்கிறேன்: இந்தக் கரியைப் பரல்களில் நிரப்பி அதனூடாக ஆலை நீரைச் செலுத்தினால் பொசுபரசு அதில் தங்குமா? தங்கினால், அதை நெல்லுக்கும் கச்சானுக்கும் இடலாமா? பிடிபட்டதா இல்லையா என்பதை எப்படி அறிவது?

பதில்: அறிவியல் நகர் மண்

உங்கள் கேள்வியிலுள்ள இரண்டு பொருள்களும் ஒரே முற்றத்தில் கிடப்பதால், ஒன்றை மற்றொன்றில் ஊற்றினால் போதும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் உமிக்கரியை உள்ளபடியே பயன்படுத்தினால் அது பொசுபரசைப் பிடிக்காது, அல்லது பயன்படாத அளவுக்குச் சிறிதளவே பிடிக்கும். நீரிலுள்ள பொசுபரசு பெரும்பாலும் பொசுபேற்றாக, அதாவது எதிர் ஏற்றம் கொண்ட அயனாக இருக்கிறது. தாவரப் பொருளைக் கரியாக்கும்போது கிடைக்கும் மேற்பரப்பும், நாம் வழக்கமாகக் காணும் நீரின் பீ.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) பெறுமானங்களில், எதிர் ஏற்றமே கொண்டது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். உமிக்கரியில் ஏராளமாக உள்ள சிலிக்காவும் இந்த விடயத்தில் உதவுவதில்லை. போதாக்குறைக்கு, புதிய கரி முதல் சில நாள்களில் தன்னிடமுள்ள சிறிதளவு பொசுபரசை நீருக்கு விடவும் கூடும்.

இதில் ஏமாற்றம் தரக்கூடிய ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கரியினூடாக வந்த நீர் தெளிந்திருக்கும், வாடையும் குறைந்திருக்கும். நிறம் தரும் கரிமப் பொருள்களையும் ஓரளவு அமோனியத்தையும் கரி நன்றாகவே பிடிக்கும் என்பதே அதற்குக் காரணம். தெளிந்த நீரைக் கண்டு பொசுபரசும் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பொசுபேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதை அறிய மொலிப்டேற்றுச் சோதனை வேண்டும்: சோதனைத் திரவம் சேர்த்ததும் தோன்றும் நீல நிறம் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொசுபேற்று இருக்கிறது. மீன் தொட்டி வளர்ப்போருக்கு விற்கும் சிறு பெட்டிகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அருகருகே வைத்து நீலத்தை ஒப்பிடுங்கள். நீரில் பொசுபேற்று மிகுதியாக இருந்தால் இரண்டையும் ஒரே அளவில் நல்ல நீர் கலந்து ஐதாக்கிய பின்னரே சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கருநீலமாகத் தெரியும்.

உயிர்க்கரி பொசுபரசைப் பிடிக்கிறது என்று நீங்கள் வாசித்த ஆய்வுகள் பொய்யல்ல. அவற்றில் பெரும்பாலானவை மகனீசியம், கல்சியம், இரும்பு, இலந்தனம் என்னும் அருமண் உலோகம் ஆகியவற்றுள் ஒன்றை ஏற்றிய கரியைப் பற்றியவை. 2011இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் சீனிப் பீற்றின் கழிவை முதலில் உயிர்வாயுக் கலத்தில் நொதிக்கவிட்டுப் பிறகு கரியாக்கியபோது, அக்கரி பொசுபேற்றை நன்கு பிடித்தது. அதன் மேற்பரப்பில் மகனீசியம் ஒட்சைட்டு நுண்துணிக்கைகளாகப் படிந்திருந்ததையே அவர்கள் காரணமாகக் காட்டினர். பின்னர் மகனீசியம் மிகுதியாக ஊட்டி வளர்த்த தக்காளி இலையிலிருந்து அவர்கள் செய்த கரி, ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் பொசுபேற்றைப் பிடித்தது. ஆக, கரி வெறும் தாங்கி. பிடிப்பது அதிலுள்ள உலோகம். இரும்பு கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் பயிருக்கு விடுவதில் கஞ்சத்தனம் காட்டும். இலந்தனம் அதைவிடக் கெட்டி. விலையும் அதிகம், பயிருக்கும் கிடைக்காது. குளத்தைச் சுத்தமாக்குவது மட்டும் நோக்கமென்றால் இவை பொருந்தலாம். பசளையாகத் திருப்ப வேண்டுமென்றால் மகனீசியமும் கல்சியமுமே நமக்கு ஏற்றவை.

இனிக் கணக்கு. ஆய்வுகூடத்தில் தூய நீரில் கிடைத்த அளவு ஆலை நீரில் கிடைக்காது. கரிம அமிலங்களும் இருகாபனேற்றும் சல்பேற்றும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். நல்ல மகனீசியக் கரி ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம் பொசுபரசு பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் நீரில் லீற்றருக்கு 30 மில்லிகிராம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அளந்து பார்த்தால் கூடவோ குறையவோ இருக்கலாம். 10,000 லீற்றரில் 300 கிராம் பொசுபரசு வரும். அதைப் பிடிக்க நாளொன்றுக்கு 10 கிலோகிராம் மகனீசியக் கரி போதும். ஆனால் கிராமுக்கு 1 மில்லிகிராம் மட்டும் பிடிக்கும் சாதாரண உமிக்கரியென்றால் 300 கிலோகிராம் வேண்டும். ரி.எஸ்.பி.யில் ஐந்தில் ஒரு பங்கே பொசுபரசு என்பதால், அந்த 300 கிராம் ஒன்றரைக் கிலோகிராம் ரி.எஸ்.பி.க்குச் சமம். ஆலை ஆண்டில் 200 நாள் ஓடினால், ஒரு சொட்டும் தப்பாமல் பிடித்தாலும், 50 கிலோகிராம் மூட்டை ஆறுக்குச் சமமான ரி.எஸ்.பி.தான் கிடைக்கும். அதற்காக எவ்வளவு உழைப்பையும் விறகையும் செலவிடலாம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

இன்னுமொன்று. குவியலின் உட்புறத்திலுள்ள வெள்ளைச் சாம்பல் கரியே அல்ல. காபன் எரிந்துபோய் எஞ்சிய சிலிக்கா அது. மிகுந்த வெப்பத்தில் எரிந்திருந்தால் அந்தச் சிலிக்கா பளிங்குருவாக மாறியிருக்கும்; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டாமலும் நீர் தெளிக்காமலும் அதை அள்ளாதீர்கள்.

பதில்: தண்ணீரூற்று

மேலே எழுதியவர் மகனீசியத்தைக் குறிப்பிட்டதும் எனக்கு ஆனையிறவு உப்பளந்தான் நினைவுக்கு வந்தது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் இருக்கிறது. உப்பளத்தில் நீரைக் காயவைத்து உப்பை வாரியெடுத்த பிறகு பாத்தியில் எஞ்சி நிற்கும் கசப்பு நீரில் அது பல மடங்கு செறிந்து, லீற்றருக்குப் பல பத்துக் கிராம் அளவுக்கு வந்துவிடும். தொட்டால் எண்ணெய்போல வழுவழுப்பாக இருக்கும், கையில் காயவே காயாது. உப்பு செய்பவருக்கு அது வேண்டாத பொருள்; நாட்பட நின்றால் உப்பின் தரத்தையும் கெடுக்கும். அங்கிருந்து முரசுமோட்டைக்கு உழவு இயந்திரப் பெட்டியிலேயே கொண்டுவந்துவிடலாம். உமியை அதில் ஊறவைத்து, உலர்த்தி, மூடிய பரலில் கரியாக்கினால் மகனீசியக் கரி கிடைத்துவிடாதா? கடையில் மகனீசியம் குளோரைட்டு வாங்கிச் செய்வதெல்லாம் ஆய்வுகூடக்காரருக்குத்தான் கட்டுப்படியாகும்.

மேலும், ஆலை நீரைவிட மாட்டுப்பட்டியைக் கவனிப்பது மேல் என்பது என் எண்ணம். வன்னியில் மாடில்லாத ஊர் உண்டா? மாட்டுச் சலத்தை (மூத்திரத்தை) தேக்கி இந்தக் கரியில் ஊற்றினால் பொசுபரசும் நைதரசனும் ஒன்றாகவே கிடைக்கும்.

பதில்: மாங்குளம் இரசாயன ஆசிரியை

கசப்பு நீர் யோசனை மிக நன்று. ஆனால் சொல்லப்பட்ட முறையில் செய்யக் கூடாது. மகனீசியம் குளோரைட்டைத் தன்னுடன் பிணைந்த நீரோடு சேர்த்துச் சூடாக்கினால் அது மகனீசியம் ஒட்சைட்டாக மாறும்போது ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். ஈரத்தில் பட்டால் அது ஐதரோகுளோரிக் அமிலம். பரலின் தகரத்தை அரிப்பது ஒருபுறம் இருக்க, அருகில் நின்று தீ மூட்டுபவரின் கண்ணையும் நெஞ்சையும் அது எரிக்கும். புகையைக் கழுவும் ஏற்பாடுள்ள தொழிற்சாலையில் செய்ய வேண்டியதை வீட்டு வளவில் செய்ய வேண்டாம். கசப்பு நீரில் மிஞ்சியிருக்கும் கறியுப்பும் கரியோடு சேர்ந்துவிடும். கழுவாமல் வயலில் இட்டால் மண் உவராகும்.

இதற்கு எளிய மாற்றுவழி, மகனீசியத்தைக் கரிக்கு ஏற்றாமல் நேரே கழிவுநீரில் சேர்ப்பதாகும். நீரில் அமோனியமும் பொசுபேற்றும் மகனீசியமும் ஒன்றாக இருந்து, பீ.எச். பெறுமானம் 8.5இலிருந்து 9 வரை இருந்தால், மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரூவைற் என்னும் வெண்பளிங்காகப் படியும். பெரிய நகரங்களின் கழிவுநீர் நிலையங்களில் குழாய்களை அடைத்துத் தொல்லை தரும் அதே பொருள்தான். அது நீரில் மெல்லக் கரையும் நல்ல பசளை. இங்கே கரிக்கு வேறொரு வேலை கிடைக்கிறது: பளிங்கு பற்றி வளர்வதற்கு இடம் கொடுப்பதும், நுண்ணிய படிவு நீரோடு ஓடிவிடாமல் தடுத்து வைத்திருப்பதும். அதற்கு ஆலைக் கரியே போதும். ஒரு கிலோகிராம் பொசுபரசுக்கு ஏறத்தாழ 0.8 கிலோகிராம் மகனீசியம் தேவை. நடைமுறையில் சற்றுக் கூட்டிச் சேர்ப்பார்கள்.

எந்த நீருக்கு இது பொருந்தும் என்பதுதான் முக்கியம். நெல் ஊறிய நீர் நொதித்துப் புளித்தது, அமோனியமும் குறைவு; அதில் ஸ்ட்ரூவைற் படியாது. தண்ணீரூற்றுக்காரர் சொன்ன மாட்டுச் சலமும் பொருந்தாது, ஏனென்றால் அசைபோடும் விலங்குகள் பொசுபரசைப் பெரும்பாலும் சாணத்தின் வழியாகவே வெளியேற்றுகின்றன. சலத்தில் இருப்பது மிகச் சொற்பம். சாணத்தை உயிர்வாயுக் கலத்தில் இட்டால் வெளிவரும் கரைசலில் அமோனியமும் உண்டு, கரைந்த பொசுபேற்றும் ஓரளவு உண்டு. ஆனால் சாணத்திலுள்ள பொசுபரசில் பெரும்பங்கு திண்மத்தோடு ஒட்டியே இருப்பதால், சேற்றைப் பசளையாக இடுவதே நேர்வழி.

மனிதரின் நிலை இதற்கு எதிரானது. நாம் வெளியேற்றும் பொசுபரசில் பாதிக்கு மேல் சலத்தில்தான் போகிறது. 1669இல் ஹம்பேர்க்கு நகரில் ஹென்னிக் பிராண்ட் தங்கம் தேடிச் சலத்தைக் காய்ச்சியபோதுதான் பொசுபரசு என்ற மூலகமே முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது என்பதை மாணவரிடம் சொன்னால் வகுப்பு சிரிக்கும். ஆனால் அந்த மனிதர் சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறார். மூடிவைத்த சலத்தில் யூரியா உடைந்து அமோனியாவாவதால் பீ.எச். தானாகவே 9க்கு ஏறிவிடும். பொசுபரசும் லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். நேபாளத்தில் சித்திபூர் என்னும் ஊரில் சலத்தைப் பிரித்துச் சேர்க்கும் மலசலகூடங்களிலிருந்து இப்படியே ஸ்ட்ரூவைற் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பாடசாலையோ சந்தையோ புதிதாகச் சலகூடம் கட்டும்போது சலத்துக்கு மட்டும் தனிக்குழாய் விட்டால், கசப்பு நீரும் ஆலைக் கரியும் அங்கேதான் உண்மையில் பயன்படும். படிவை எடுத்த பிறகு எஞ்சும் நீரில் நைதரசனின் பெரும்பகுதி அப்படியே இருக்கும் என்பதால் அதையும் வாய்க்காலில் விடக் கூடாது. தென்னைக்கோ வாழைக்கோ விட வேண்டும்.

மறுமொழி: முரசுமோட்டைக் கமக்காரன்

மூவருக்கும் நன்றி. சலகூட யோசனையை ஊரில் எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆசிரியை முன்னின்றால் பின்னால் வருவேன். என் வாசலுக்கு முன்னால் ஓடுவது ஆலை நீர் என்பதால் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். எப்பாவலைப் பொசுபேற்றுப் பாறை அனுராதபுரத்துக்கு அப்பால்தானே இருக்கிறது, அதை வாங்கிப் போட்டால் இந்தப் பாடே வேண்டாமே என்று அயல் வயற்காரர் ஒருவர் கேட்கிறார். அதற்கும் விடை வேண்டும்.

பதில்: செட்டிகுளம்

எப்பாவலையிலிருந்து தொடங்குகிறேன். 1971இல் கண்டறியப்பட்ட அந்தப் படிவு பெரியது. ஆனால் அதிலுள்ள அப்பற்றைற்றுக் கனியம் மெல்லவே கரையும். தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்கள், அதுவும் அமில மண்ணில், பொறுத்திருந்து அதை எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் நடுநிலையை அண்டியது. மூன்றரை மாத நெல்லுக்கு அது கரைந்து வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

ஆலை நீருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்த்து பீ.எச். பெறுமானத்தை 10க்கு மேல் உயர்த்தினால் பொசுபேற்று கல்சியத்தோடு சேர்ந்து வெண்மையாகப் படியும். அதைக் கரிப் படுகையால் வடித்துப் பிடிக்கலாம். ஆனால் புளித்த நீர் என்பதால் முதலில் அந்தப் புளிப்பைத் தணிக்கவே நிறையச் சுண்ணாம்பு செலவாகும். பிறகு காரம் மிகுந்த நீரைக் குளத்தில் விடவும் முடியாது. திறந்த தொட்டியில் நிறுத்தி பீ.எச். இறங்கிய பின்னரே விட வேண்டும்.

மற்ற வழி பிடிக்காமலே திருப்புவது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். அந்த நீரில் நச்சு எதுவும் சேர்க்கப்படாதவரை, அதிலுள்ளவை நெல்லிலிருந்து ஊறி இறங்கியவையே: பொசுபரசு, பொற்றாசியம், கரிமப் பொருள். குளத்தில் அவை ஆகாயத்தாமரையை வளர்த்து ஒட்சிசனை உண்டு மீனைக் கொல்கின்றன. அதையே தென்னை வரிசைக்கும் புல் நிலத்துக்கும் முறைவைத்துப் பாய்ச்சினால் மண் ஏற்றுக்கொள்ளும். ஒரே இடத்தில் தேங்க விடாதீர்கள். ஒரு பாத்தியில் விட்டால் அது நன்கு உலர்ந்த பிறகே மீண்டும் விட வேண்டும். மாரியில் நிலம் நீர் குடிக்காத நாள்களுக்கு மட்டும் ஒரு தேக்குத் தொட்டி தேவைப்படும். கிணற்றுக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

பொசுபரசை ஓரிடத்தில் செறிவாக்கிப் பிடிப்பது, நீரை நிலத்துக்குக் கொண்டுபோக வழியில்லாத நகரங்களுக்கு அவசியம். ஜேர்மனி 2029 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களைப் பொசுபரசு மீட்கும்படி சட்டத்தால் கட்டாயப்படுத்தியிருப்பது அதனால்தான். அங்கே சேற்றிலுள்ள பாரவுலோகங்களும் ஒரு சிக்கல். மலக்குழிச் சேற்றைக் கரியாக்கினால் கிருமி சாகும், ஆனால் உலோகங்களில் பெரும்பாலானவை போகாது. நிறை குறைவதால் மேலும் செறிந்தே நிற்கும். சிறுநீரக நோயால் இவ்வளவு பாதிக்கப்பட்ட வவுனியா மாவட்டத்தில் இருந்துகொண்டு, சோதனை செய்யாத நகரச் சேற்றின் கரியை மரக்கறிக்குப் போடச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உங்கள் ஆலைக் கரிக்கு அந்தப் பயம் குறைவு.

பசளையாக இடுவது பற்றி: ஆண்டுதோறும் ரி.எஸ்.பி. இட்ட வயலில் முதலில் மண்ணைச் சோதியுங்கள். அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்திலோ விவசாயத் திணைக்களத்திலோ கேட்கலாம். எங்கள் செம்மண்ணில் இரும்பு பிடித்து வைத்திருக்கும் பொசுபரசில் ஒரு பகுதி, வயலில் நீர் கட்டி நிற்கும்போது ஒட்சிசன் அற்றுப்போக, தானாகவே விடுபடும். ஆகவே நெல்லுக்கு நீங்கள் நினைக்கும் அளவு பசளை தேவைப்படாமலும் இருக்கலாம். மேட்டு நிலத்தில் அப்படி நடப்பதில்லை. கச்சானும் உழுந்தும் வேர்முடிச்சு வைக்கவே பொசுபரசு கேட்பவை; ஆதலால் பொசுபரசு ஏறிய கரி எங்கிருந்தாவது கிடைத்தால் அது மேட்டு நிலத்துக்கே போகட்டும். நூற்றுக்கு மூன்று பங்கு பொசுபரசு ஏறிய கரியென்றால் ஒரு மூட்டை ரி.எஸ்.பி.க்கு ஈடாக 330 கிலோகிராம் சுமக்க வேண்டிவரும். ஆகவே காணி முழுவதும் தூவாமல், விதைக்கும் சாலிலேயே மாட்டெருவோடு கலந்து இடுவது நல்லது. வெறும் உமிக்கரியை வீணாக்க வேண்டாம்: அதன் சிலிக்கா நெல்லின் தண்டுக்கு வலுவூட்டும். பசளைக் கணக்கில் சேர்க்காமல், உழவுக்கு முன் வயலில் பரப்பி மண்ணோடு கலந்துவிடுங்கள். நனைத்துப் பரப்பினால் காற்று அள்ளிக்கொண்டு போகாது.